வரிசை சேர்த்தால் வளரும் இணையப் படிவம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

சென்னைப் பாரிமுனையில், கோடவுன் தெருவில் இருக்கும் ஒரு மொத்தத் துணிக்கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில் போடும் படிவத்தைச் சில ஆண்டுகளாக நானே பராமரித்தும் வருகிறேன். பக்கத்தைத் திறக்கும்போது அதில் ஒரே ஒரு வரிசைதான் இருக்கும். ரகம், நிறம், அகலம், தான் (துணிச்சுருள்) எண்ணிக்கை, மீட்டர், விலை, தள்ளுபடி, குறிப்பு, விலையில் ஜிஎஸ்டி அடக்கமா என்று கேட்கும் செக்பாக்ஸ் ஆக ஒன்பது உள்ளீடுகள் ஒரு வரிசைக்கு உண்டு. 'சேர்' பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு வரிசையை உருவாக்கி அடியில் ஒட்டும். கீழே சொல்லியிருக்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தப் படிவத்தில் ஏதோ ஒரு நாளில் தலைகாட்டியவை. சர்வர் பக்கத்து எடுத்துக்காட்டுகள் பிஎச்பி என்ற நிரல்மொழியைச் சார்ந்தவை; மற்ற மொழிகளில் நடத்தை மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும், நிரலைத் திறப்பதற்கு முன் பிரவுசர் உண்மையில் எதை அனுப்பியது என்று பார்த்துவிட வேண்டும். எஃப்12 விசையை அழுத்திப் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் 'பிரிசர்வ் லாக்' என்பதை டிக் செய்துகொண்டு, படிவத்தைச் சேமித்து, முதலில் வரும் கோரிக்கையின் பேலோடு (அனுப்பிய தகவல்) பகுதியைத் திறந்தால், ஒவ்வோர் உள்ளீட்டின் நேமும் (பெயர்) வேல்யூவும் (மதிப்பு) வரிசையாக நிற்கும். டிக் செய்ய மறந்தால், அடுத்த பக்கம் ஏறிய மறுகணமே பட்டியல் காணாமல் போய்விடும். காணாமல் போன தகவல் அந்தப் பட்டியலில் இருந்தால் தவறு சர்வர் பக்கத்தில். இல்லையென்றால் தவறு பிரவுசர் பக்கத்தில். இந்த ஒரு பார்வையைத் தவிர்த்துவிட்டு, சர்வர் நிரலில் ஒரு மாலை முழுவதும் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

புதிய வரிசை திரையில் இருக்கிறது, பேலோடில் இல்லை

முதலில் பார்க்க வேண்டியது, உள்ளீட்டின் குறிச்சொல்லுக்குள் எழுதும் நேம் ஆட்ரிபியூட்தான் (பண்பு). ஐடி மட்டும் கொடுத்து நேம் கொடுக்காத உள்ளீட்டைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. அடுத்து, அந்தப் பெட்டி டிசேபிள்டு நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். பயனர் மாற்றக் கூடாது என்பதற்காகப் பலரும் டிசேபிள்டு போட்டுவிடுகிறார்கள்; அப்படிப் போட்டால் பெட்டி அனுப்பப்படாது. மாற்றக் கூடாது, ஆனால் போய்ச் சேர வேண்டும் என்றால் ரீட்ஒன்லி போட வேண்டும். ரீட்ஒன்லி செக்பாக்ஸுக்கும் செலக்ட் பெட்டிக்கும் செல்லுபடியாகாது என்பதால், அங்கே மதிப்பை ஒரு மறைவான உள்ளீட்டில் சேர்த்து அனுப்புவதே வழி.

இவை இரண்டும் சரியாக இருந்து, முதல் வரிசை மட்டும் ஒழுங்காகப் போய், பொத்தானால் சேர்த்த வரிசைகள் மட்டும் போகவில்லை என்றால், பெரும்பாலும் ஃபார்ம் குறிச்சொல் டேபிளுக்கு உள்ளே திறக்கப்பட்டிருக்கும். டேபிளுக்கு நேர் உள்ளேயோ, அதன் வரிசைக்கு நேர் உள்ளேயோ ஃபார்ம் வருவதை எச்டிஎம்எல் விதி அனுமதிப்பதில்லை. ஆயினும் பிரவுசர் அதைப் பிழையென்று நிறுத்திவிடாமல், ஃபார்மைத் திறந்த இடத்திலேயே காலியாக மூடிவிடுகிறது. அதன் பிறகு பக்கத்தைப் படிக்கும்போது எதிர்ப்படும் உள்ளீடுகளை மட்டும் 'இவை அந்த ஃபார்மைச் சேர்ந்தவை' என்று நினைவில் வைத்துக்கொள்கிறது. சர்வரிலிருந்து வந்த முதல் வரிசை அந்தத் தயவில் பிழைத்துக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டால் பிறகு வந்து ஒட்டிய வரிசைக்கு அந்தத் தயவு கிடையாது. அதற்கு மேலே ஃபார்ம் எதுவும் இல்லாததால் அது அநாதையாக நிற்கும். அதே டெவலப்பர் கருவிகளின் எலிமென்ட்ஸ் பகுதியில் பார்த்தால் ஃபார்ம் திறந்தவுடனே மூடிக் கிடப்பது கண்ணுக்கே தெரியும், ஆனால் நம் மூலக்கோப்பில் அப்படி இருக்காது என்பதால் யாரும் அங்கே பார்ப்பதில்லை. ஃபார்மை டேபிளுக்கு வெளியே எடுத்து, டேபிள் முழுவதையும் அதற்குள் வைத்தால் கோளாறு தீரும். அமைப்பை மாற்ற முடியாத பழைய பக்கமாக இருந்தால், ஒவ்வொரு புதிய உள்ளீட்டிலும் ஃபார்ம் என்ற ஆட்ரிபியூட்டைச் சேர்த்து, படிவத்தின் ஐடியை அதற்கு மதிப்பாகக் கொடுக்கலாம்.

எல்லாம் போயிற்று, கடைசி வரிசை மட்டுமே சேமிக்கப்பட்டது

பேலோடில் 'மீட்டர்' என்ற ஒரே பெயர் மூன்று முறை, மூன்று மதிப்புகளுடன் தெரியும். பிஎச்பி ஒரே பெயர் மீண்டும் வந்தால் முந்தையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். பெயருக்குப் பின்னால் வெற்றுச் சதுர அடைப்பு போட்டு 'மீட்டர்[]' என்று எழுதினால்தான் எல்லா மதிப்புகளையும் ஓர் அணியாக (அர்ரே) சேர்த்து வைக்கும். மற்ற இடங்களில் இதே பேலோடு வேறு விதமாக நடக்கும்: ஜாவா மொழியில் எழுதும் சர்வ்லெட்டில் கெட்பாராமீட்டர் முதல் மதிப்பைத் தரும், பைத்தான் மொழிக்கான ஜாங்கோ கட்டமைப்பில் கெட் கடைசி மதிப்பைத் தரும். ஆகவே 'முதல் வரிசைதான் சேமிக்கப்படுகிறது' என்று ஒருவரும் 'கடைசி வரிசைதான்' என்று இன்னொருவரும் சொன்னால், இருவர் சொல்வதும் ஒரே நோயாக இருக்கலாம். சர்வ்லெட்டில் கெட்பாராமீட்டர்வேல்யூஸ், ஜாங்கோவில் கெட்லிஸ்ட் என்று கேட்டால் எல்லா மதிப்புகளும் கிடைக்கும்.

டிக் ஒரு வரிசையில் போட்டோம், சேமித்த பில்லில் அடுத்த வரிசைக்குத் தாவிவிட்டது

இந்தக் கோளாறு பணத்தைத் தொடுவதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று வரிசை கொண்ட ஒரு பில்லில் முதல் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் 'ஜிஎஸ்டி அடக்கம்' டிக் செய்யப்பட்டிருந்தது. பேலோடில் தெரிந்தது இது:

மீட்டர்[] : 120
அடக்கம்[] : ஆம்
மீட்டர்[] : 80
மீட்டர்[] : 45
அடக்கம்[] : ஆம்

டிக் செய்யாத செக்பாக்ஸைப் பிரவுசர் 'இல்லை' என்று அனுப்புவதில்லை, அனுப்பாமலேயே விட்டுவிடுகிறது. ஆகவே பிஎச்பிக்குக் கிடைத்த மீட்டர் அணியில் மூன்று உறுப்புகளும் அடக்கம் அணியில் இரண்டு உறுப்புகளும் இருந்தன. மூன்றாம் வரிசையின் டிக் அடக்கம் அணியில் இரண்டாம் இடத்தைப் பிடித்ததால், சர்வர் அதை இரண்டாம் வரிசைக்குரியதாக எடுத்துக்கொண்டது. மீட்டர் 105 ரூபாய் என்று போட்ட துணிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி அடக்கம் என்றால் அடிப்படை விலை 100 ரூபாய். அடக்கம் இல்லையென்றால் வாடிக்கையாளர் 110 ரூபாய் 25 காசு கொடுக்க வேண்டும். டிக் ஓர் இடம் தள்ளியதில் இரண்டு வரிசைகளின் கணக்கும் ஒரே நேரத்தில், எதிரெதிர்த் திசையில் பிசகிற்று. ஒன்று கூடி ஒன்று குறைந்ததால் மொத்தத் தொகையைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று சந்தேகம் வரவில்லை.

வெற்று அடைப்பை நம்பாமல், ஒவ்வொரு வரிசைக்கும் வெளிப்படையாக எண் கொடுப்பதே இதற்கு மருந்து. 'வரிசை[0][மீட்டர்]', 'வரிசை[0][அடக்கம்]' என்று எழுதினால், ஒரு வரிசையின் எல்லாத் தகவலும் ஒரே கட்டாக வந்து சேரும். டிக் இல்லாவிட்டால் அந்தக் கட்டுக்குள் ஓர் உறுப்பு குறையும், அவ்வளவுதான். செக்பாக்ஸுக்கு முன்னால் அதே பெயரில் பூஜ்யம் மதிப்புள்ள மறைவான உள்ளீடு ஒன்றை வைக்கும் வழக்கமும் உண்டு. அது வெளிப்படையான எண்ணுடன் மட்டுமே சரிப்படும். வெற்று அடைப்புடன் அதைச் சேர்த்தால் டிக் செய்த வரிசைக்கு இரண்டு மதிப்புகள் போய்க் குழப்பம் இன்னும் கூடும்.

எண் கொடுப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. புதிய வரிசைக்குரிய எண்ணைத் திரையில் இப்போது எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று எண்ணி முடிவு செய்தால், நடுவில் ஒரு வரிசையை நீக்கியவுடன் சிக்கல் வரும். 0, 1, 2 என்று மூன்று இருந்து, 1 நீக்கப்பட்டு, மீதம் இரண்டுதான் என்பதால் புதியதற்கு 2 என்று எண் கொடுத்தால், ஏற்கெனவே இருக்கும் 2 மீது அது ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு முறை கொடுத்த எண்ணை மறுபடி கொடுக்காமல் மேலேறிக்கொண்டே போகும் தனி எண்ணியை வைத்துக்கொள்ளுங்கள். எண்களுக்கு நடுவே இடைவெளி விழுவதைப் பற்றி பிஎச்பி கவலைப்படாது. அந்த அணியை ஜேசனாக (தகவலை எழுத்துச் சரமாக எழுதும் வடிவம்) மாற்றும்போது மட்டும், இடைவெளி இருப்பதால் அது பட்டியலாக இல்லாமல் ஆப்ஜெக்டாக மாறிவிடும். அதற்கு முன் அர்ரே_வேல்யூஸ் வழியாக ஒரு முறை அனுப்பிவிட்டால் போதும். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி.நெட் எம்விசி கட்டமைப்பில் எண் 0 முதல் தொடர்ச்சியாக இல்லையென்றால் இடைவெளிக்குப் பின் வருபவை விடுபட்டுப் போகும். அங்கே இண்டெக்ஸ் என்ற மறைவான உள்ளீட்டையும் ஒவ்வொரு வரிசைக்கும் சேர்க்க வேண்டும். ஜாங்கோவின் ஃபார்ம்செட் மொத்த எண்ணிக்கையைத் தனியாக ஒரு மறைவான உள்ளீட்டில் எதிர்பார்க்கிறது. வரிசையைச் சேர்த்துவிட்டு அந்த டோட்டல்_ஃபார்ம்ஸ் எண்ணை உயர்த்த மறந்தால், புதிய வரிசை பேலோடில் இருந்தும் ஜாங்கோ அதைக் கண்டுகொள்ளாது.

ரேடியோ பொத்தான்கள் உள்ள படிவத்தில் இரண்டாம் வரிசையில் ஒன்றைத் தேர்ந்தவுடன் முதல் வரிசையின் தேர்வு அழிந்தால், அதற்கும் காரணம் எல்லா வரிசையிலும் ஒரே நேம் இருப்பதுதான். வரிசை எண்ணைப் பெயரில் சேர்த்தால் அதுவும் தீர்ந்துவிடும்.

புதிய வரிசையின் 'நீக்கு' பொத்தான் அசையவில்லை

பக்கம் ஏறியபோது இருந்த பொத்தான்களுக்கு மட்டும் கிளிக் லிசனர் (கிளிக் வந்தால் ஓடும் நிரல்) மாட்டப்பட்டிருக்கிறது. பிறகு பிறந்தவற்றுக்கு யாரும் மாட்டவில்லை. ஒவ்வொரு முறையும் தேடிப் போய் மாட்டுவதைவிட, எல்லா வரிசைகளையும் உள்ளடக்கிய டேபிள் உடலுக்கு ஒரே ஒரு லிசனரை மாட்டி, கிளிக் மேலேறி வரும்போது அங்கே பிடிப்பது நல்லது. பொத்தானுக்குள் குப்பைத்தொட்டிப் படம் இருந்தால் ஈவென்டின் டார்கெட் அந்தப் படமாக இருக்கும் என்பதால், அதிலிருந்து குளோசஸ்ட் மூலம் பொத்தானுக்கும், அங்கிருந்து வரிசைக்கும் ஏறிச் செல்ல வேண்டும். ஃபோகஸ், பிளர் ஆகிய இரண்டும் மேலேறி வருவதில்லை. அவற்றுக்குப் பதிலாக ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட் என்பவற்றைக் கேளுங்கள்.

பழைய நிரலைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் இதே வேலைக்கென்று 2009-இல் 1.3 பதிப்பில் வந்த லைவ் என்ற முறை, 2011-இல் 1.7 பதிப்பில் ஆன் வந்தவுடன் ஓரங்கட்டப்பட்டு, 2013-இல் 1.9 பதிப்பில் நீக்கப்பட்டது. ஜேகுவரியைப் புதுப்பித்த மறுநாள் எல்லாப் பொத்தான்களும் உறங்கிவிட்டன என்று யாராவது சொன்னால், முதலில் அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள்.

வரிசையைச் சேர்த்தவுடன் மேலே தட்டச்சு செய்தவை மறைகின்றன

இன்னர்எச்டிஎம்எல்லுடன் கூட்டல் சமம் (+=) போட்டுப் புதிய வரிசையை ஒட்டியிருப்பீர்கள். பார்வைக்கு அது ஒட்டுவது போல் தெரிந்தாலும், உண்மையில் பிரவுசர் இருப்பதையெல்லாம் சரமாக மாற்றி, புதியதைச் சேர்த்து, முழுவதையும் மறுபடி கட்டுகிறது. பயனர் தட்டச்சு செய்தது உள்ளீட்டின் பிராப்பர்ட்டியில்தான் இருக்கும். வேல்யூ ஆட்ரிபியூட்டில் ஏறாது. சரமாக மாறும்போது ஆட்ரிபியூட் மட்டுமே எழுதப்படுவதால், தட்டச்சு செய்தவை போய்விடும். மாட்டியிருந்த லிசனர்களும் உடன் போய்விடும். இன்செர்ட்அட்ஜசன்ட்எச்டிஎம்எல் என்ற முறை இருப்பதைத் தொடாமல் அடியில் மட்டும் சேர்க்கும். அதைவிட நான் விரும்புவது டெம்ப்ளேட் குறிச்சொல்: வெற்று வரிசை ஒன்றை அதற்குள் எழுதி வைத்து, தேவைப்படும்போது அதன் உள்ளடக்கத்தைப் பிரதியெடுத்து, எண்ணை மாற்றி ஒட்டலாம். முதல் வரிசையையே குளோன் செய்பவர்களுக்கு அதில் நிரப்பிய மதிப்புகளும் சேர்ந்து வந்துவிடும் தொல்லை இதில் இல்லை. பிரதியெடுக்கும்போது ஐடியையும் லேபிளின் ஃபார் மதிப்பையும் மாற்ற மறந்தால், ஐந்தாம் வரிசையின் லேபிளைத் தொட்டால் முதல் வரிசையின் பெட்டிக்குக் கர்சர் ஓடும்.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதுபவர்களுக்கு இதன் ஒன்றுவிட்ட தம்பி ஒன்று உண்டு. நடுவரிசையை நீக்கினால் கடைசி வரிசை மறைந்து, நீக்கியதன் எழுத்துகள் அங்கேயே நிற்கும். கீ என்ற இடத்தில் வரிசையின் இடத்தெண்ணைக் கொடுத்திருப்பதே காரணம். வரிசை பிறக்கும்போதே அதற்கென்று ஒரு தனி அடையாளத்தைக் கொடுத்து, அதையே கீயாக வைக்க வேண்டும்.

என்டர் தட்டினால் முதல் வரிசை காணாமல் போகிறது

கடைக்காரர் தொலைபேசியில் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. நேரில் போய் உட்கார்ந்து பார்த்தேன். மீட்டர் பெட்டியில் எண்ணைத் தட்டிவிட்டு, கால்குலேட்டர் பழக்கத்தில் அவர் என்டர் அடித்தார். முதல் வரிசை மறைந்தது. ஃபார்முக்குள் இருக்கும் பட்டன் குறிச்சொல்லுக்கு டைப் எழுதாவிட்டால் அது சப்மிட் என்றே கொள்ளப்படும். என்டர் அடித்தால் பிரவுசர் ஃபார்மில் முதலாவதாக வரும் சப்மிட் பொத்தானைத் தானே அழுத்தும். எங்கள் படிவத்தில் முதலாவதாக வந்தது முதல் வரிசையின் 'நீக்கு' பொத்தான். அதன் லிசனர் வரிசையை நீக்கிவிட்டு, சப்மிட்டை மட்டும் தடுத்து நிறுத்தியிருந்தது. 'சேர்', 'நீக்கு' ஆகிய எல்லாவற்றுக்கும் டைப் பட்டன் என்று எழுதிவிட்டால் போதும். 'சேர்' அழுத்தினால் படிவமே சேமிக்கப்பட்டுவிடுகிறது என்ற புகாருக்கும் இதுவே பதில்.

'சேமி' அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

பிழைச்செய்தியும் இல்லை, பேலோடும் இல்லை என்றால் கன்சோலைப் பாருங்கள். ஃபோகஸ் செய்ய முடியாத உள்ளீடு ஒன்று செல்லாத நிலையில் இருப்பதாகக் குரோம் அங்கே முணுமுணுத்திருக்கும். மறைத்து வைத்த வரிசையில் ரிக்வயர்டு பெட்டி ஒன்று காலியாக இருக்கிறது. பிரவுசர் அதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறது, காட்ட இடமில்லை. மறைக்கும்போது அந்த வரிசையின் பெட்டிகளை டிசேபிள்டு ஆக்கினால் சோதனையும் நின்றுவிடும், அனுப்புவதும் நின்றுவிடும்.

கூட்டுத்தொகை அபத்தமாக வருகிறது

250-உம் 100-உம் சேர்ந்து 250100 என்று வந்தால், பெட்டியின் மதிப்பு எண்ணாக மாற்றப்படாமல் சரமாகவே ஒட்டப்பட்டிருக்கிறது. ஒன்றேகால் லட்சம் வெறும் 1 ஆகச் சுருங்கினால், யாரோ 1,25,000 என்று காற்புள்ளியுடன் ஒட்டியிருக்கிறார்கள். பார்ஸ்ஃபுளோட் முதல் காற்புள்ளியிலேயே நின்றுவிடும். காற்புள்ளிகளை நீக்கிவிட்டு மாற்றுங்கள். எப்படியிருந்தாலும் பிரவுசர் கூட்டிய தொகை பார்வைக்கு மட்டுமே. பில்லில் ஏற வேண்டிய தொகையைச் சர்வர் தானே கூட்ட வேண்டும்.

நூற்றுப் பத்து வரிசைக்கு மேல் காணவில்லை

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒன்றில் 132 வரிசை கொண்ட ஆர்டரைப் பதிந்தார்கள். பேலோடில் 132-உம் இருந்தன. சேமித்த பில்லில் 110 வரிசைகள் முழுமையாக இருந்தன; 111-ஆம் வரிசையில் ரகம் முதல் விலை வரை ஆறு தகவல்கள் வந்து, தள்ளுபடியும் குறிப்பும் டிக்கும் இல்லாமல் அரைகுறையாக நின்றது; அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த அரைகுறை வரிசைதான் துப்பு கொடுத்தது. படிவத்தின் தலைப்பகுதியில் வாடிக்கையாளர், தேதி முதலிய நான்கு உள்ளீடுகள். ஒன்பது வீதம் 110 வரிசைக்கு 990. இவற்றுடன் அரைகுறை வரிசையின் ஆறும் சேர்த்தால் சரியாக 1000.

பிஎச்பியில் மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 1000. அதற்கு மேல் வருபவற்றைப் பிஎச்பி வெட்டிவிட்டு, ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, மீதியை வைத்துக்கொண்டு நிரலை வழக்கம்போல் ஓட்டும். பிழைப் பதிவேட்டைப் பார்க்காதவருக்கு எதுவும் தெரியாது. இந்த வரம்புக்கு ஒரு வரலாறு உண்டு. பெர்லினில் 2011 டிசம்பரில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில், அலெக்சாண்டர் கிளிங்க், ஜூலியன் வேல்டே ஆகிய இருவர், ஹாஷ் அட்டவணையின் (பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் அமைப்பு) ஒரே அறையில் போய் விழும்படி தேர்ந்தெடுத்த பெயர்களை ஒரே கோரிக்கையில் ஏராளமாக அனுப்பிச் சர்வரின் சிபியுவைத் திணறடிக்க முடியும் என்று காட்டினார்கள். அதற்கு மறுமொழியாக 2012 ஜனவரியில் வெளிவந்த பிஎச்பி 5.3.9 இந்த வரம்பைக் கொண்டுவந்தது. ஜாங்கோவிலும் உள்ளீட்டு எண்ணிக்கைக்கு இயல்பு வரம்பு 1000-தான். அது வெட்டாமல் கோரிக்கையையே மறுத்துவிடுகிறது, அதுவே நேர்மையான நடத்தை என்பது என் எண்ணம்.

இந்த வரம்பை நிரலுக்குள் ஐஎன்ஐ_செட் மூலம் உயர்த்த முடியாது, ஏனெனில் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே பிஎச்பி உள்ளீடுகளைப் பிரித்து முடித்திருக்கும். பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பிலோ, சர்வர் அமைப்பைப் பொறுத்து .எச்டிஆக்சஸ் அல்லது .யூசர்.ஐஎன்ஐ கோப்பிலோ மாற்ற வேண்டும். வரிசைகள் மேலும் வளரும் என்று தெரிந்தால், எல்லா வரிசைகளையும் பிரவுசரிலேயே ஒரே ஜேசன் சரமாக்கி ஒரே உள்ளீட்டில் அனுப்புவது மேல். கோப்புகளுக்கு வரம்பு தனி: ஒரு கோரிக்கைக்கு இயல்பாக 20 கோப்புகள்தான். மொத்த அளவு போஸ்ட்_மேக்ஸ்_சைஸைத் தாண்டினால், இயல்பாக 8 எம்பி, போஸ்ட் அணி முழுவதும் காலியாக வரும்.

நீக்கிய வரிசை, பில்லை மறுபடி திறந்தால் திரும்பி வந்துவிடுகிறது

திரையிலிருந்து நீக்கிய வரிசை பேலோடில் வராது. வராத ஒன்றை அழிக்கும்படி சர்வருக்கு யாரும் சொல்லவில்லை. பலர் பழைய வரிசைகளையெல்லாம் அழித்துவிட்டு வந்தவற்றைப் புதிதாக எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன், 132 வரிசை ஆர்டரைக் கடைக்காரர் திருத்திச் சேமித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கும் வரை: வெட்டுப்பட்டு வந்த 110 வரிசையை வைத்துக்கொண்டு மீதியைச் சர்வர் அழித்திருக்கும். இப்போது ஒவ்வொரு பழைய வரிசையிலும் அதன் அடையாள எண் மறைவாக இருக்கிறது. 'நீக்கு' அழுத்தினால் வரிசை மறைந்து, நீக்கியதாக ஒரு குறி மட்டும் அதனுடன் போகிறது. அந்த அடையாள எண் உண்மையிலேயே இதே பில்லைச் சேர்ந்ததா என்று சர்வர் சரிபார்த்த பின்பே அழிக்கிறது. ஃபார்மின் ஆகக் கடைசி உள்ளீடாக 'முடிந்தது' என்ற மறைவான பெட்டி ஒன்றையும் வைத்திருக்கிறேன். பேலோடு வெட்டுப்பட்டால் முதலில் விழுவது அதுதான் என்பதால், அது வந்து சேரவில்லையென்றால் சர்வர் எதையும் எழுதாமல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.